புகைக்குழாயின் கறைகள்: துடைக்குமுன் படியுங்கள்

கனடா நாட்டின் கியூபெக் மாநிலத்தில் குளிர்காலம் முடிந்து பனி உருகத் தொடங்கும் வேளை. பல மாதங்கள் ஓடிய பனி ஊர்தி ஒன்றைக் கொட்டகைக்குள் நிறுத்தி, அதன் முன்மூடியைத் திறந்து பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சினிலிருந்து வளைந்து வரும் பருத்த புகைக்குழாய் கண்ணில் படுகிறது. வாங்கியபோது வெள்ளிபோல் மின்னிய குழாய் அது. இப்போதோ ஓரிடத்தில் கரிய பிசுக்கு. ஓரிடத்தில் செம்பழுப்புத் துரு. ஓரிடத்தில் மங்கிப்போய்ப் புள்ளி விழுந்த முலாம். எஞ்சினை ஒட்டிய பகுதியில் பொன்மஞ்சளும் ஊதாவும் நீலமுமாக நிறவரிகள்.

உடனே ஒரு கம்பி பிரஷ்ஷை எடுத்துத் தேய்க்கக் கை பரபரக்கும். சற்றுப் பொறுங்கள். இந்த நான்கு கறைகளும் நான்கு வெவ்வேறு பொருள்கள். ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு நஞ்சாகும். அதுமட்டுமன்று, ஒவ்வொரு கறையும் எஞ்சினைப் பற்றி ஏதோ ஒரு செய்தியைக் கூறுகிறது. செய்தியைப் படிக்காமல் துடைத்துவிட்டால், குழாய் பளபளக்கும். ஆனால் அடுத்த குளிர்காலத்தில் எஞ்சின் நடுவழியில் நின்றுவிடக்கூடும்.

பனிமேல் ஓடும் வண்டி

ஸ்னோமொபைல் என்று வழங்கும் இந்த ஊர்திக்கு முன்புறம் இரண்டு சறுக்குக் கட்டைகள் உண்டு. பின்புறம் எஞ்சினால் சுழலும் அகன்ற ரப்பர்ப் பட்டை உண்டு. இன்று இது விளையாட்டு வண்டியாகப் பெயர் பெற்றிருந்தாலும், இதன் பிறப்பில் ஒரு துயரக் கதை கலந்திருக்கிறது. கியூபெக்கின் வால்கூர் என்ற ஊரில் வாழ்ந்தவர் ஜோசப் அர்மான் பொம்பார்டியே (1907–1964). இளமையிலிருந்தே பனிமேல் ஓடும் வண்டி செய்ய முயன்றுகொண்டிருந்தவர். 1934-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் வயிற்று நோயால் துடித்தான். சாலைகளைப் பனி மூடியிருந்ததால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல முடியவில்லை. குழந்தை இறந்துவிட்டது. பின்னர் 1937-இல் தம் சுழல்பட்டை இயக்க முறைக்குக் காப்புரிமை பெற்று, ஏழு பேர் செல்லும் பனி ஊர்தியை உருவாக்கினார். ஓரிருவர் ஏறிச் செல்லும் சிறிய 'ஸ்கி-டூ' வண்டி 1959-இல் வெளிவந்தது.

வீட்டிலிருந்து பல கிலோமீட்டர் தொலைவில், மைனஸ் 30 டிகிரிக் குளிரில் எஞ்சின் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். வண்டி நலமாக இருக்கிறதா என்பது அங்கே உயிர்ப் பிரச்சினை.

குழாய் ஏன் நடுவில் பருத்திருக்கிறது?

கறைகளைப் பார்க்குமுன் குழாயின் உருவத்தைப் பார்த்துவிடுவோம். பெரும்பாலான பனி ஊர்திகளில் இருப்பது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். இதில் பிஸ்டன் கீழிறங்கும்போது எரிந்த புகை ஒரு வாயில் வழியே வெளியேறும். ஏறக்குறைய அதே வேளையில் புதிய பெட்ரோல் கலவை உள்ளே வரும். புதிய கலவையில் ஒரு பகுதி புகையோடு சேர்ந்து வெளியே ஓடிவிடுவது இவ்வகை எஞ்சினின் பெருங்குறை.

இக்குறையைப் போக்குவதே பருத்த குழாயின் வேலை. புகை வெளிப்படும்போது ஓர் அழுத்த அலை குழாயில் ஓடுகிறது. குழாய் விரிகின்ற பகுதியில் அந்த அலை ஓர் உறிஞ்சும் அலையைத் திருப்பி அனுப்பிச் சிலிண்டரைக் காலி செய்ய உதவுகிறது. குழாய் குறுகுகின்ற பகுதியிலிருந்து திரும்பி வரும் அழுத்த அலையோ, வெளியே ஓடிய புதிய கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளுகிறது.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். எஞ்சின் நிமிடத்துக்கு 8,000 முறை சுற்றினால், நொடிக்கு சுமார் 133 சுற்றுகள். புகை வாயில் திறந்திருப்பது ஏறத்தாழ அரைச் சுற்று நேரம். அதாவது ஒரு நொடியில் சுமார் 270-இல் ஒரு பங்கு. சாதாரணக் காற்றில் நொடிக்கு 340 மீட்டர் செல்லும் ஒலி, 500 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ 550 மீட்டர் செல்கிறது. அந்தச் சிறு பொழுதில் அலை 2 மீட்டர் ஓடும். போய்த் திரும்ப 2 மீட்டர் என்றால் ஒரு வழிக்கு 1 மீட்டர். எஞ்சினிலிருந்து குழாயின் குறுகும் பகுதிவரை உள்ள நீளம் ஏறக்குறைய ஒரு மீட்டராக இருப்பதன் காரணம் இதுதான்.

இந்தக் கலையைக் கணக்கோடு வளர்த்தவர் கிழக்கு ஜெர்மனியின் எம்.இஸட். மோட்டார் சைக்கிள் நிறுவனத்தில் பணியாற்றிய வால்ட்டர் காடன். 1961-இல் அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கு நாட்டுக்குத் தப்பிச் சென்று, ஜப்பானின் சுசுகி நிறுவனத்தில் சேர்ந்தார். குழாயின் நுட்பமும் அவரோடு எல்லை கடந்தது. அடுத்த ஆண்டே 50 சி.சி. பிரிவில் சுசுகி உலகப் பட்டம் வென்றது.

ஆகவே குழாயைத் தரையில் போட்டுச் சுத்தியலால் தட்டிக் கரி உதிர்க்கும் வேலை கூடாது. ஆழ்ந்த பள்ளம் ஒன்று விழுந்தாலும் அலைகளின் கணக்குத் தப்பும்.

முதற் கறை: கரியும் எண்ணெயும்

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் மசகு எண்ணெயும் பெட்ரோலோடு சேர்ந்தே எரிகிறது. முழுவதும் எரியாத எண்ணெயும் கரித்தூளும் சேர்ந்து கரிய பிசுக்காகப் படிகின்றன. இது உலோகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் வெறும் அழுக்கு, உலோகத்தைத் தின்பதில்லை. சோப்பு நீரிலோ, எண்ணெய் நீக்கும் கரைசலிலோ கழன்றுவிடும்.

ஆனால் கழுவுமுன் அது எங்கே படிந்திருக்கிறது என்று பாருங்கள். குழாயின் உட்புறத்தில் இருந்தால் இயல்பு. வெளிப்புறத்தில், அதுவும் இரண்டு பாகங்கள் சேரும் மூட்டைச் சுற்றி இருந்தால், அங்கே புகை கசிகிறது என்று பொருள். அந்த மூட்டின் காஸ்கெட்டை மாற்றாமல் கறையை மட்டும் கழுவினால், ஓரிரு பயணங்களில் கறை திரும்ப வந்துவிடும்.

இரண்டாம் கறை: துரு

இரும்பு, ஆக்ஸிஜன், நீர் மூன்றும் கூடினால் துரு உண்டாகும். வெளியே பனி இருக்கிறது, சரி. குழாயின் உள்ளே நீர் எங்கிருந்து வந்தது?

பெட்ரோல் ஹைட்ரஜனும் கார்பனும் சேர்ந்த பொருள். அது எரியும்போது ஹைட்ரஜன் ஆக்ஸிஜனோடு கூடி நீராகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகும்! நீண்ட பயணத்தில் அது ஆவியாக வெளியேறிவிடும். ஐந்து நிமிடம் மட்டும் ஓட்டி நிறுத்தினால், குழாய் சூடேறாத நிலையில் ஆவி உள்ளேயே நீராகப் படியும். குறுகிய பயணங்களே குழாயின் உட்புறத்துக்குக் கேடு.

வெளிப்புறத்துக்கு மற்றொரு பகைவன் உப்பு. பனியை உருக்குவதற்காகக் கனடாவிலும் அமெரிக்காவிலும் சாலைகளில் உப்பைத் தூவுகிறார்கள். ஊர்தியை இழுவண்டியில் ஏற்றி அச்சாலைகளில் செல்லும்போது உப்புநீர் தெறிக்கிறது. உப்புக் கரைசல் மின்சாரத்தை நன்கு கடத்தும். துருப்பிடித்தல் ஒரு மின்வேதிச் செயலாதலால் அது விரைந்து நடக்கிறது.

துருவின் கொடுமை அதன் தன்மையில் உள்ளது. தான் பிறந்த இரும்பைவிட அது மிகுந்த இடத்தை அடைத்துக்கொள்ளும், நுண்துளைகள் நிறைந்தது, உதிர்ந்துபோவது. எனவே கீழுள்ள இரும்பை மூடிக் காப்பதில்லை. குழாயின் சுவரோ மிக மெல்லிய தகடு. மேலோட்டமான துருவா, தகட்டைத் துளைத்த துருவா என்று பார்ப்பதற்கு, இருட்டறையில் குழாய்க்குள் ஒரு கைவிளக்கைச் செலுத்துங்கள். எங்காவது ஒளிப் புள்ளி வெளியே தெரிந்தால், மெருகேற்றும் வேலையை விட்டுவிட்டு வெல்டிங் செய்பவரிடம் செல்லுங்கள்.

மூன்றாம் கறை: மங்கிய முலாம்

சில குழாய்களுக்கு நிக்கல் முலாம் பூசியிருப்பார்கள். முலாம் முழுமையாக இருக்கும்வரை இரும்புக்கு நல்ல கவசம். ஆனால் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் நிலைமை தலைகீழாகிறது. நிக்கலைவிட இரும்பு எளிதில் அரிபடும் உலோகம். இரண்டும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டிருந்தால் ஒரு சிறு மின்கலம் உருவாகி, இரும்பு தன்னை இழக்கிறது. துத்தநாக முலாம் இதற்கு நேர்மாறானது. அது தன்னை அழித்துக்கொண்டு இரும்பைக் காக்கும்.

நிக்கல் முலாத்தின் தடிப்பு பொதுவாக ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு முதல் சில பங்குகள்தாம். நிக்கல் மேல் குரோமியம் பூசிய அலங்காரப் பாகங்களில், குரோமியப் படலம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கம்பி பிரஷ்ஷும் முரட்டு உப்புத்தாளும் இங்கே என்ன செய்யும் என்று இப்போது விளங்கும். ஒரு மணி நேரத்துப் பளபளப்புக்காகப் பல ஆண்டுக் கவசத்தை நாமே சுரண்டி எறிந்துவிடுவோம்.

நான்காம் கறை: வானவில் நிறங்கள்

எஞ்சினை ஒட்டிய பகுதியில் தோன்றும் மஞ்சள், ஊதா, நீலம் ஆகியவை சாயமும் அல்ல, அழுக்கும் அல்ல. உலோகம் சூடேறும்போது அதன் மேல் மிக மெல்லிய ஆக்ஸைடு படலம் உண்டாகிறது. ஒளியில் ஒரு பகுதி படலத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்புகிறது. மற்றொரு பகுதி உள்ளே சென்று உலோகத்தில் பட்டுத் திரும்புகிறது. இரண்டும் சேரும்போது சில நிறங்கள் அழிந்து, சில நிறங்கள் ஓங்குகின்றன. சோப்புக் குமிழியில் தோன்றும் நிறங்களுக்கும் இதுவே காரணம். படலத்தின் தடிப்பு மாறினால் நிறமும் மாறும். நீல நிறம் தரும் படலம் நம் தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான்.

சாதாரண எஃகில் சுமார் 220 டிகிரி செல்சியஸில் வைக்கோல் மஞ்சள் தோன்றும். 260-இல் பழுப்பு, 280-இல் ஊதா, 300-இல் நீலம். அதற்கு மேல் சாம்பல் நிறம். கத்தியும் உளியும் வடிக்கும் கொல்லர்கள், வெப்பமானி வருமுன்பே இந்த நிறங்களைப் பார்த்துத்தான் எஃகுக்குப் பதம் போட்டார்கள். துருப்பிடிக்காத எஃகில் இதே நிறங்கள் தோன்றுவதற்கு இன்னும் மிகுந்த வெப்பம் வேண்டும். ஆகையால் உலோகம் எது என்று தெரியாமல் நிறத்தை வைத்து வெப்பத்தைக் கூற இயலாது. நெடுநேரம் சூட்டில் இருந்தாலும் படலம் தடிக்கும் என்பதையும் மறவாதீர்கள்.

இந்த நிறங்கள் குழாய்க்குத் தீங்கு செய்வதில்லை. தேய்த்து நீக்கினாலும் அடுத்த பயணத்திலேயே திரும்பிவிடும். ஆயினும் இவைதாம் மிக முக்கியமான செய்தியைத் தாங்கியிருப்பவை. இரண்டு சிலிண்டர் உள்ள எஞ்சினில், ஒரு கிளைக்குழாய் இலேசான மஞ்சளாகவும் மற்றொன்று கருநீலமாகவும் இருந்தால், இரண்டாம் சிலிண்டர் ஏன் அதிகமாகச் சூடேறுகிறது என்று கேட்க வேண்டும்.

குளிர்நாட்டில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. காற்று குளிரக் குளிர அடர்த்தி மிகும். 0 டிகிரியில் உள்ள காற்றைவிட மைனஸ் 30 டிகிரிக் காற்றின் அடர்த்தி சுமார் 12 சதவீதம் அதிகம். அதே அளவு காற்றில் ஆக்ஸிஜன் மிகுதி. ஆனால் கார்புரேட்டரின் ஜெட் அந்த அளவுக்குப் பெட்ரோலைக் கூட்டித் தருவதில்லை. பெட்ரோல் போதாத கலவை எரிந்தால் சிலிண்டர் மிகையாகச் சூடேறும். பெட்ரோலோடு வரும் மசகு எண்ணெயும் அங்கே குறைந்துபோகும். தூய அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். பிஸ்டனின் அலுமினியக் கலவை அதற்கும் முன்பே இளகிவிடும். கடுங்குளிரில் எஞ்சின் சூட்டால் அழியும் விந்தை இப்படித்தான் நிகழ்கிறது. குளிருக்கு ஏற்பப் பெரிய ஜெட் மாட்டுவது இதற்காகவே. மின்னணு முறையில் பெட்ரோலைத் தெளிக்கும் எஞ்சின்கள் இந்தக் கணக்கைத் தாமே செய்துகொள்கின்றன.

குழாயின் நிறம் சந்தேகத்தை எழுப்பும்; தீர்ப்புச் சொல்லாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் முனையையும் பார்த்த பின்பே முடிவுக்கு வாருங்கள்.

இனி வேலையைத் தொடங்கலாம்

எஞ்சின் முழுவதும் ஆறட்டும். கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். குழாயை இறுக்கிப் பிடித்திருப்பவை வலிய ஸ்பிரிங்குகள். கழற்றும்போது தெறித்தால் கண் போய்விடும். அவற்றுக்குரிய கொக்கியைக் கொண்டே கழற்றுங்கள். கழற்றுமுன் நிறங்கள் தெரியும்படி ஒரு புகைப்படம் எடுத்துவைப்பது நல்லது. எஞ்சினின் திறந்த வாயைத் தூய துணியால் அடைத்து, அடைத்திருப்பதை ஒரு தாளில் எழுதி வண்டியின் கைப்பிடியில் கட்டிவிடுங்கள்.

முதலில் சுடுநீரும் சோப்பும் கொண்டு பிசுக்கை நீக்குங்கள். பிரேக் சுத்தம் செய்யும் குளோரின் கலந்த திரவங்களை இந்த வேலைக்குத் தொடவே கூடாது. அவற்றின் எச்சம் பெருஞ்சூட்டில் சிதைந்தால் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகக்கூடும். முதல் உலகப் போரில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற வாயு அது.

அடுத்து, மேற்பரப்பு எது என்று பாருங்கள். காந்தம் ஒட்டாவிட்டால் அலுமினியமாகவோ, துருப்பிடிக்காத எஃகின் ஒரு வகையாகவோ இருக்கலாம். காந்தம் ஒட்டினால் எஃகு. நிக்கலும் காந்தத்தை ஈர்க்குமாதலால், முலாம் உண்டா என்பதைக் காந்தம் காட்டாது. ஓரங்களைக் கூர்ந்து பார்த்தும், வண்டியின் கையேட்டைப் படித்தும் அறிய வேண்டும்.

முலாம் பூசிய குழாயானால், கசக்கிய அலுமினியத் தாளை நீரில் நனைத்து மெதுவாகத் தேயுங்கள். அலுமினியம் மிருதுவானது, துருப்புள்ளிகள் போகும், முலாத்துக்குக் கீறல் மிகவும் குறைவு. பிறகு மென்மையான உலோக மெருகுப் பசை போதும். சூடு தாங்கும் பெயின்ட்டோ பீங்கான் பூச்சோ உள்ள குழாய்க்குச் சோப்பு நீர் தவிர வேறெதுவும் வேண்டாம்.

பூச்சில்லாத எஃகுக் குழாயில் துரு இருந்தால், 180 எண் உப்புத்தாளில் தொடங்கி 320 எண் வரை, நீர் தொட்டுத் தேயுங்கள். தூள் பறக்காது, மூச்சுக்கு நல்லது. குழிகளில் எஞ்சிய துருவுக்கு பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கி உதவும். பித்தளைப் பாத்திரத்தைப் புளியால் துலக்கும்போது புளியின் அமிலம் உலோக ஆக்ஸைடைக் கரைப்பதுபோலவே இதுவும் துருவைக் கரைக்கிறது. அதோடு, எஞ்சிய துருவை உலோகத்தில் ஒட்டி நிற்கும் இரும்பு பாஸ்பேட்டாக மாற்றுகிறது. கழுவியவுடன் சூடான காற்றால் உலர்த்திவிடுங்கள்; ஈரமான புது எஃகு சில நிமிடங்களிலேயே மீண்டும் துருப்பிடிக்கும்.

ஸ்பிரிங்குகளை மட்டும் அமிலத்தில் போடாதீர்கள். அமிலத்தில் விடுபடும் ஹைட்ரஜன் கடினமான எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மையுடையதாக்கும். பளிச்சென்றிருக்கும் ஸ்பிரிங் ஓடும்போது ஒடிந்துவிடும்.

உட்புறக் கரி தடித்துவிட்டால், எஃகுக் குழாய்க்கு மட்டும் காஸ்டிக் சோடாக் கரைசல் பயன்படுத்துவதுண்டு. அலுமினியப் பாகத்தில் அது பட்டால் உலோகமே கரைந்து, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வெளிவரும். சோடாவை நீரில் சிறிது சிறிதாக இட வேண்டும். சோடாவின் மேல் நீரை ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். தோலையும் கண்ணையும் வேகவைக்கும் பொருள் இது. மாணவர்கள் தனியே செய்யத் தக்க வேலையன்று.

பெயின்ட்டும் பொறுத்திருத்தலும்

துரு நீங்கிய வெறும் எஃகுக்கு ஒரு போர்வை வேண்டும். சாதாரண பெயின்ட் கருகி உதிர்ந்துவிடும். அதன் மூலக்கூறுகளின் முதுகெலும்பு கார்பன்–கார்பன் பிணைப்பு. சூடு தாங்கும் சிலிகோன் பெயின்ட்டின் முதுகெலும்பு சிலிக்கன்–ஆக்ஸிஜன் பிணைப்பு. முன்னதைப் பிரிக்க ஒரு மோலுக்கு சுமார் 350 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். பின்னதற்கு சுமார் 450. இந்த வேறுபாடுதான் பூச்சைக் காக்கிறது. மெல்லிய பூச்சுகளாக அடித்து, நன்கு உலரவிட்டு, முதல் நாள் எஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டி ஆறவிட்டு, மறுபடி ஓட்டிப் படிப்படியாகப் பதமாக்குங்கள்.

பொருத்துமுன் அடைத்த துணியை எடுத்துவிட்டீர்களா? புதிய காஸ்கெட் போட்டாயிற்றா? முதல் ஓட்டம் கட்டாயமாகக் கொட்டகைக்கு வெளியே இருக்கட்டும். மூட்டில் கசிவு இருந்தால் வெளிப்படும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றோடு அதைப் பிடித்துக்கொள்ளும். மூடிய கொட்டகையில் சில நிமிடங்களே ஆளை வீழ்த்தப் போதும்.

வேலை முடிந்தபின் குழாய் முழுவதும் ஒரே வெள்ளி நிறமாக மின்ன வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதல் நீண்ட பயணம் முடிந்து வந்ததும் எஞ்சினை ஒட்டிய பகுதியில் மீண்டும் பொன்மஞ்சள் நிறம் ஏறியிருக்கும். அதைத் துடைக்க வேண்டாம். எடுத்துவைத்த புகைப்படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு கிளைகளும் ஒரே நிறத்தில், மூட்டுகளில் பிசுக்கு இல்லாமல் இருந்தால், அடுத்த பயணத்துக்கு ஊர்தியை நம்பி எடுத்துச் செல்லலாம்.